படைவீரரின் உடற்குறை ஓய்வூதியம்: கொடுத்ததைக் குறைக்க முடியுமா?

கூட்டரசு அரசியலமைப்பைப் பாடமாக நடத்தும்போது குடியுரிமை, தேசிய மொழி, சமயம், 153-ஆவது விதி என்று போய் நேரம் முடிந்துவிடும். 147-ஆவது விதிப் பக்கம் பெரும்பாலும் யாரும் போவதில்லை. அது ஓய்வூதியம் பற்றிய விதி. பதினேழு வயது மாணவனுக்கு அது "தாத்தாமாருங்க சமாச்சாரம்". ஆனால் சுதந்திர மலாயா தன் ஊழியர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன, அந்த வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய இந்த விதியைவிட நல்ல பாடம் வேறில்லை.

வகுப்பில் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று: "சண்டையில காலை இழந்த வீரருக்கு மாசாமாசம் பணம் வருது. அரசாங்கம் நினைச்சா அதைக் குறைச்சிடலாமா? நிறுத்திடலாமா?"

'முடியும்', 'முடியாது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் மதிப்பெண் வராது. ஏனென்றால் இது ஒரு கேள்வியல்ல, மூன்று கேள்விகள்.

முதலாவது: நாட்டின் சட்டத்தையே மாற்றி எல்லாருடைய தொகையையும் குறைக்க முடியுமா?

இரண்டாவது: சட்டம் அப்படியே இருக்க, "உங்கள் உடல்நிலை தேறிவிட்டது" என்று சொல்லி ஒரு தனி மனிதரின் தொகையைக் குறைக்க முடியுமா?

மூன்றாவது: அவர் குற்றம் செய்தார், துரோகம் செய்தார் என்று சொல்லிப் பறிக்க முடியுமா?

வரலாற்றில் இந்த மூன்றுமே நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் நம் நாட்டு அரசியலமைப்பில் இப்படி ஒரு விதி ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.

1957: பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் இருந்த கவலை

கோலாலம்பூரையும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவையும் இணைத்த ரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், இயங்கத் தொடங்கியது. ரயில்வேயின் பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி வளர்ந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் அங்கே குடியேறினர். ஸ்காட் சாலையில் இருக்கும் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில். அந்தத் தலைமுறையின் அடையாளம் அது.

ஒரே தண்டவாளத்தில் வேலை செய்தாலும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. மாதச் சம்பளம் வாங்கிய நிரந்தர ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பிச் சடக்கில் கல் கொட்டிய நாள்கூலித் தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். கட்டுரை முழுதும் இது திரும்பத் திரும்ப வரும்.

சுதந்திரம் நெருங்கியபோது அரசு ஊழியர்களிடம் ஒரு கவலை எழுந்தது. இருபது, முப்பது ஆண்டு உழைப்புக்கான ஓய்வூதியத்தைத் தருவதாகச் சொன்னது பிரிட்டிஷ் ஆட்சி. அந்த ஆட்சி போன பிறகு யார் கொடுப்பது? புதிய அரசாங்கம் "அது நாங்கள் கொடுத்த வாக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டால்? வெள்ளைக்கார அதிகாரிக்கும் இந்தக் கவலை உண்டு, பிரிக்பீல்ட்ஸ் எழுத்தருக்கும் உண்டு, காவல்துறையிலும் ராணுவத்திலும் இருந்தவர்களுக்கும் உண்டு.

ரீட் ஆணையத்தின் அறிக்கை 1957-இல் வெளிவந்து, அதன் அடிப்படையில் அரசியலமைப்பு வரையப்பட்டபோது, அரசுப் பணிகளைப் பற்றிய பத்தாம் பகுதியில் இதற்கென்று ஒரு விதி இடம்பெற்றது. அதுதான் 147-ஆவது விதி: ஓய்வூதிய உரிமைகளின் பாதுகாப்பு.

விதி என்ன சொல்கிறது?

அதன் சாரம் இதுதான். அரசுப் பணியில் இருந்த ஒருவருக்கோ, அவருடைய மனைவி மக்களுக்கோ, அவரைச் சார்ந்திருந்தவர்களுக்கோ வழங்கப்பட்ட ஓய்வூதியம், பணிக்கொடை, அவை போன்ற படி எதுவானாலும், அதற்குரிய நாளில் நடப்பில் இருந்த சட்டமே அதற்குப் பொருந்தும். பிறகு வேறு சட்டம் வரலாம். ஆனால் அந்தப் பிந்திய சட்டம், பெறுபவருக்கு முன்பிருந்த சாதகத்தைக் குறைப்பதாக இருக்கக்கூடாது.

'உரிய நாள்' எது? சுதந்திரத்துக்கு முன்பே ஓய்வூதியம் வழங்கப்பட்டிருந்தால் வழங்கிய நாள். சுதந்திரத்துக்கு முன் பணியில் சேர்ந்து, பின்னர் ஓய்வூதியம் பெற்றவருக்கு 1957 ஆகஸ்ட் 30, அதாவது சுதந்திரத்துக்கு முந்திய நாள். சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் சேர்ந்தவருக்கு அவர் முதன்முதலில் பணியில் சேர்ந்த நாள். சுருக்கமாகச் சொன்னால், சேர்ந்த அன்று இருந்த சட்டம் தரைமட்டம். அதற்கு மேலே கட்டலாம். அதைத் தோண்டிக் கீழே போகக்கூடாது.

இதில் படைவீரர் வருகிறாரா? இங்கேதான் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 'அரசுப் பணி' என்றால் அலுவலக மேசை நினைவுக்கு வருகிறது. 132-ஆவது விதியைப் புரட்டினால் பதில் கிடைக்கும். அரசுப் பணிகள் எவை என்று அது பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் வரியே ஆயுதப்படைகள். காவல்துறையும் அதில் உண்டு. 1957-இல் ரயில்வே பணியும் அதில் தனியாகப் பெயர் பெற்றிருந்தது; பின்னாளில் அது நீக்கப்பட்டது.

ஆக, விதியின் சொற்களைப் பார்த்தால், படைவீரருக்கு வழங்கப்பட்ட உடற்குறை ஓய்வூதியமும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறது. மலாயில் அதைப் 'பென்சென் ஹிலாங் உபாயா' என்பார்கள்.

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். அதே 132-ஆவது விதிப்படி அரசு ஊழியர் மாமன்னரின் விருப்பம் உள்ள வரையில்தான் பதவியில் இருக்கிறார். 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 3-ஆவது பிரிவோ, எந்த அரசு ஊழியருக்கும் ஓய்வூதியத்தின் மேல் முழுமுற்றான உரிமை இல்லை என்கிறது. "அப்போ 147 எதுக்கு?" என்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஓய்வூதியம் கிடைக்குமா என்பது ஒரு கட்டம். கிடைத்த பிறகு அதைக் குறைக்கலாமா என்பது அடுத்த கட்டம். 147-ஆவது விதி காவல் காப்பது இரண்டாவது கட்டத்தில்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, 1960 ஜூலை 31-இல் முடிவுக்கு வந்தது. அந்த நாளைத்தான் இன்றும் வீரர்கள் தினமாகக் கடைப்பிடிக்கிறோம். மலாய்ப் படைப்பிரிவு 1933-இல் தொடங்கியபோது அதில் மலாய்க்காரர் மட்டுமே சேர முடிந்தது. 1952-இல்தான் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய மலாயா கூட்டரசுப் படைப்பிரிவு உருவானது. இந்தியர்களும் சீனர்களும் தரைப்படைக்குள் வர வழி திறந்தது. பிறகு 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடனான மோதல், 1968 முதல் 1989 வரை கம்யூனிஸ்டுகளின் இரண்டாவது கிளர்ச்சி. கண்ணிவெடியில் கால் போனவர், குண்டடிபட்டவர் என்று ஒவ்வொரு கட்டமும் உடற்குறையுடன் திரும்பிய மனிதர்களை விட்டுச் சென்றது.

இவர்கள் எல்லாருக்கும் ஓய்வூதியம் உண்டா? இல்லை. அதிகாரி அல்லாத சாதாரணப் படைவீரர் 21 ஆண்டு பணி முடித்தால்தான் பணிக்கால ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுவார். 10, 12 ஆண்டு ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவருக்கு அது கிடையாது. அவருக்குக் கிடைப்பது 1972-இல் தொடங்கிய ஆயுதப்படை நிதி வாரியத்தில் சேர்ந்த சேமிப்பு. வீரரின் சந்தாவும் அரசாங்கத்தின் சந்தாவும் சேர்ந்த தொகை அது. ஒரு முறை கைக்கு வந்தால் முடிந்தது.

'ஓய்வூதியம் பெறாத முன்னாள் படைவீரர்' என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அவர்கள் இவர்கள்தான். இவர்களுக்கு அவ்வப்போது வாழ்க்கைச் செலவு உதவி அறிவிக்கப்படுகிறது. தகுதிகளும் தொகையும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. அப்படி மாற்ற அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. ஏனென்றால் அது உதவி. ஓய்வூதியம் என்ற பெயரில் சட்டப்படி வழங்கப்பட்டதற்குத்தான் அரண் உண்டு.

பணியின்போது காயம்பட்டு வெளியேறிய வீரருக்கு, '21 ஆண்டு முடித்தாயா' என்பதைவிட 'இந்தக் காயம் பணியால் வந்ததா' என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான். அந்த ஒரு வரி மருத்துவப் பதிவில் இருந்தால் அவர் வாசலுக்கு உள்ளே. இல்லையென்றால் வெளியே.

பறிக்கப்பட்ட கதை: இந்திய தேசிய ராணுவம்

மூன்றாவது கேள்விக்கு, அதாவது நடத்தையைக் காரணம் காட்டிப் பறிப்பதற்கு, நம் தாத்தா பாட்டி தலைமுறையிலேயே உதாரணம் இருக்கிறது.

1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு பிரிட்டிஷ் இந்தியப் படையின் போர்க்கைதிகளில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றதும் மலாயாத் தோட்டப்புறங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் போன்றோர் இருந்தது நமக்குத் தெரிந்ததே.

போர் முடிந்தபின் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் விசாரணை நடந்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், ஆயுள் காலத் தீவாந்தரத் தண்டனையை நீக்கினார். ஆனால் பதவி நீக்கத்தையும், நிலுவைச் சம்பளமும் படிகளும் பறிமுதல் என்பதையும் அவர் நீக்கவில்லை. உயிருக்கு மன்னிப்பு; சம்பளத்துக்கு இல்லை. மாணவர்கள் 'மூவரும் விடுதலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். பாதி வரலாறு விட்டுப்போகிறது.

சுதந்திர இந்தியா 1972-இல், விடுதலையின் 25-ஆம் ஆண்டில், விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் இந்திய தேசிய ராணுவத்தினரும் சேர்க்கப்பட்டனர். 1980-இல் அத்திட்டம் மரியாதை ஓய்வூதியம் என்ற பெயரில் விரிவானது. ஒரு காலத்தில் துரோகம் என்று எழுதப்பட்டது இன்னொரு காலத்தில் தியாகம் என்று எழுதப்பட்டது. எழுதிய அரசு மாறியது, கணக்கும் மாறியது.

மலாயாவிலேயே தங்கிவிட்ட தோட்டத் தொழிலாளி வீரரின் நிலை வேறு. அவர் எந்த அரசுக்காகத் துப்பாக்கி ஏந்தினாரோ, அந்தத் தற்காலிக அரசு 1945-க்குப் பிறகு இல்லை. மலாயா அரசாங்கத்தின் பணியிலும் அவர் இருந்ததில்லை. அதனால் 147-ஆவது விதி அவரைத் தொடவில்லை. அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. பறிப்பதற்கு அவர் பெயரில் எதுவும் எழுதப்படவே இல்லை.

அமெரிக்கா: ஒரே சட்டத்தில் வெட்டு

இனி முதல் கேள்வி: சட்டத்தை மாற்றி எல்லாருக்கும் குறைப்பது. நம் 147-ஆவது விதி போன்ற காவல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போவோம்.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது, 1932-இல், முதல் உலகப் போர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனில் கூடி, தங்களுக்கு உறுதியளித்த ஊக்கத்தொகையை முன்கூட்டியே கேட்டார்கள். ராணுவத்தை விட்டு அவர்களை விரட்டினார்கள். அடுத்த ஆண்டு அதிபரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட், 1933 மார்ச் 20-இல் சிக்கனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசுச் செலவைக் குறைக்க வந்த அச்சட்டம் முன்னாள் வீரர்களின் உதவித்தொகைகளையும் வெட்டியது. உடற்குறை உள்ளவர்களும் தப்பவில்லை. எதிர்ப்பு பலமாக எழுந்ததும், 1934 மார்ச்சில் நாடாளுமன்றம் அதிபரின் தடையையே மீறி, வெட்டியதில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தது. நாடாளுமன்றம் எடுத்தது, நாடாளுமன்றமே கொடுத்தது.

பின்னர் அங்கே சில பாதுகாப்புகள் சட்டத்தில் ஏறின. உடற்குறை பணியால் வந்தது என்ற தீர்மானம் 10 ஆண்டு நிலைத்துவிட்டால், பொதுவாக மோசடி நிரூபணமானால்தான் அதை நீக்க முடியும். ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டு மதிப்பீடு 20 ஆண்டு தொடர்ந்திருந்தால், மோசடி இல்லாத வரை அதற்குக் கீழே இறக்க முடியாது. கடுங்குற்றத்துக்காகச் சிறை சென்றவருக்கு 61-ஆம் நாள் முதல் தொகை குறைக்கப்படும். விடுதலையானதும் மறுபடி கிடைக்கும். நாம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அங்கே தனித்தனியாக விதி இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தியா: மருத்துவ வாரியத்தின் முன்

இரண்டாவது கேள்வி, தனி மனிதரின் மதிப்பீட்டைக் குறைப்பது. இதில் இந்தியாவின் அனுபவம் நீளமானது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைய இருப்பதால் நமக்கும் அது அந்நியமல்ல.

அங்கே 1961-ஆம் ஆண்டுத் தரைப்படை ஓய்வூதிய விதிமுறைகளின்படி இரண்டு நிபந்தனைகள். உடற்குறை ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். அதன் அளவு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மறு பரிசோதனையில் 20-க்குக் கீழே போனால் ஓய்வூதியம் நின்றுவிடும். 20 விழுக்காடு என்று ஒரு மருத்துவரும் 15 என்று இன்னொருவரும் எழுதலாம். நடுவே ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது. 2001-இல் வந்த பாதுகாப்பு அமைச்சின் ஆணை, நிரந்தர உடற்குறைக்கு அடிக்கடி மறு பரிசோதனை என்ற பழக்கத்தைக் கைவிட்டது.

தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்ன தீர்ப்பு மிக முக்கியமானது. பணியில் சேரும்போது மருத்துவப் பதிவில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்றால், அதை அரசாங்கம்தான் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை நோயாளியின் தோளிலிருந்து இறங்கியது.

இதற்கெல்லாம் அடித்தளம் 1982 டிசம்பர் 17-இல் வந்த நகாரா வழக்குத் தீர்ப்பு. ஓய்வூதியம் அரசின் கருணையைப் பொறுத்து வழங்கும் பிச்சையல்ல, செய்த பணிக்காக வருவது என்றது அத்தீர்ப்பு. குறிப்பிட்ட தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று பிரித்ததையும் அது செல்லாதாக்கியது. இந்திய ஓய்வூதியர்கள் அந்த நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

2023: 147-ஆவது விதி விழித்துக்கொண்டது

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சீரமைப்புச் சட்டத்தின்படி, பணியில் இருப்பவர்களின் சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியமும் அதையொட்டித் திருத்தப்பட்டு வந்தது. 2013-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அது மாற்றப்பட்டு, 2013 ஜனவரி முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது. சம்பளத் திருத்தத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. அதற்குப் பதில் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்லதுதானே? வருஷா வருஷம் ஏறுகிறது. ஆனால் சம்பளத் திருத்தம் 2 விழுக்காட்டைவிட அதிகமாக வரும்போது ஓய்வூதியர் பின்தங்குகிறார். தொகை ஏறிக்கொண்டிருந்தாலும், பழைய சட்டத்தில் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே ஏறும். இதுதான் வழக்கின் மையம்.

வெளியுறவு அமைச்சின் முன்னாள் அதிகாரியான அமினா அகமட்டும் அவருடன் பிற ஓய்வூதியர்களும் 2017-இல் நீதிமன்றம் சென்றார்கள். உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2022 ஜனவரி 13-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தத் திருத்தம் 147-ஆவது விதிக்கு முரணானது, செல்லாது என்றது. 2023 ஜூன் 27-இல் கூட்டரசு நீதிமன்றம் அரசாங்கத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

வழக்காடியவர்கள் படைவீரர்கள் அல்லர். ஆனாலும் அந்த விதி ஆயுதப்படையினரின் ஓய்வூதியத்துக்கும் பொருந்துவதால், இத்தீர்ப்பு சொல்லும் பாடம் அவர்களுக்கும் உரியது. ஓய்வூதியத்தைக் 'குறைப்பது' என்றால் தொகையை வெட்டுவது மட்டுமல்ல. அது வளரும் வழியை அடைப்பதும் குறைப்பதுதான்.

வென்ற பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். திருத்தம் செல்லாது என்றால், அந்தத் திருத்தத்தால் ஆண்டுதோறும் ஏறிய 2 விழுக்காட்டுக்கும் சட்ட அடிப்படை இல்லை. 2024 தொடங்கியபோது பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது. ஓய்வூதியர் கையில் வாங்கும் தொகை இறங்காமலிருக்க அரசாங்கம் சிறப்பு நிதி உதவி சேர்த்துக் கொடுத்தது. பணம் கிட்டத்தட்ட அதே பணம்தான். ஆனால் அதில் ஒரு பகுதியின் பெயர் 'ஓய்வூதியம்' என்பதிலிருந்து 'உதவி' என்று மாறியது. முன்பு நாம் பார்த்த அதே கோடு.

அதே 2024-இல், புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களை ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாக ஊழியர் சேமநிதியில் சேர்ப்பதாக அரசாங்கம் அறிவித்தது. இது 147-ஆவது விதியை மீறுகிறதா என்று வகுப்பில் கேளுங்கள். 'உரிய நாள்' என்ன என்பதை நினைவில் வைத்திருக்கும் மாணவர் சரியாகச் சொல்வார்: சேர்ந்த அன்று இருக்கும் சட்டம்தான் தரைமட்டம். இன்னும் சேராதவருக்குத் தரை இன்னும் போடப்படவில்லை.

சொக்சோவோடு குழப்ப வேண்டாம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்னாள் வீரர்கள் பலர் படையை விட்டு வந்தபின் பாதுகாவலராக, ஓட்டுநராக, தொழிற்சாலையில், துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள். சுங்கை பூலோவில் உள்ள பெர்ஹெபாட் நிறுவனம் அவர்களுக்கு இரண்டாவது வேலைக்கான பயிற்சி தருகிறது. அங்கே விபத்து நடந்தால் வருவது 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நாம் சொல்லும் சொக்சோ. வேலையிட விபத்துக்கு ஒரு திட்டம், வேலை செய்ய முடியாத நிலைக்கு இன்னொரு திட்டம். இரண்டுக்கும் மருத்துவ வாரியத்தின் மதிப்பீடு உண்டு. அது தனியார் துறைத் தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டி உருவாக்கிய காப்பு. 147-ஆவது விதி அரசுப் பணியில் இருந்தவருக்கு மட்டுமே. தேர்வுத்தாளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் மதிப்பெண் போகும். வாழ்க்கையில் ஒன்றாக்கினால், கேட்க வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிட நேரும்.

ஆசிரியர்களுக்கு: வகுப்பில் பயன்படுத்த

காலவரிசை:

- 1933: மலாய்ப் படைப்பிரிவு தொடக்கம், அமெரிக்காவில் சிக்கனச் சட்டம்
- 1946: செங்கோட்டை வழக்கில் தண்டனை நீக்கம், சம்பளப் பறிமுதல் உறுதி
- 1952: பல இனத்தவருக்கும் திறந்த மலாயா கூட்டரசுப் படைப்பிரிவு
- 1957: 147-ஆவது விதி
- 1972: மலேசியாவில் ஆயுதப்படை நிதி வாரியம், இந்தியாவில் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியம்
- 1982: நகாரா தீர்ப்பு
- 2013: தரம்வீர் சிங் தீர்ப்பு, மலேசியாவில் 2 விழுக்காட்டு முறை நடப்புக்கு வருதல்
- 2023: கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு

பயிற்சி வினாக்கள்:

1. 'அரசுப் பணி' என்ற சொல்லில் ஆயுதப்படை அடங்கும் என்பதை அரசியலமைப்பின் துணையோடு நிறுவுக.
2. 147-ஆவது விதி 1957-இல் ஏன் தேவைப்பட்டது? இரண்டு காரணங்கள் தருக.
3. "ஆண்டுதோறும் ஏறும் தொகையைக் குறைப்பு என்று சொல்ல முடியாது." 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையில் இக்கூற்றை ஆராய்க.
4. ஓய்வூதியம், உதவித்தொகை, சொக்சோ காப்பு: மூன்றையும் ஒப்பிடுக.
5. உயர்நிலைச் சிந்தனை: இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தோட்டத் தொழிலாளிக்கு நியாயமாக யார் கடன்பட்டிருக்கிறார்கள்? உங்கள் விடைக்குக் காரணம் கூறுக.

ஐந்தாவது வினாவுக்கு ஒரே சரியான விடை இல்லை. காரணத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.

விடை எழுதும் முறை பற்றி ஒரு சொல். "குறைக்க முடியுமா?" என்று கேட்டால் முதல் வரியிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: சட்டத்தால், மதிப்பீட்டால், நடத்தையால். முதலாவதுக்கு மலேசியாவில் அரசியலமைப்பே தடை. இரண்டாவது மருத்துவப் பதிவையும் நடைமுறையையும் பொறுத்தது. மூன்றாவது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும், சில வேளைகளில் யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதையும் பொறுத்தது. பிறகு, இந்தப் பாதுகாப்பு யாரை எட்டவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள்: 21 ஆண்டு முடிக்காத வீரர், தண்டவாளத்து நாள்கூலி, அரசு இல்லாத படையின் வீரர்.

மாணவர்களின் வீட்டில் முன்னாள் படைவீரரோ, காவல்துறையில் இருந்தவரோ இருக்கலாம். அவர்களுக்கு ஒரு சிறு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். தாத்தாவின் பணிப் புத்தகம், வெளியேற்றச் சான்றிதழ், மருத்துவ வாரியத் தாள், ஓய்வூதியக் கடிதம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அவற்றை ஒரே கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். காயம் பணியால் வந்தது என்று சொல்லும் அந்தப் பழைய தாள் கரையானுக்குப் போய்விட்டால், 147-ஆவது விதியைக் கையில் பிடித்திருந்தும் பயனில்லை.